சில்வர் பேனாவில் வரைந்த தீவு

தான் குடியிருப்பது ஒரு தீவு என்ற விஷயம் ஜெயசீலனுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அதுவும் அரசாங்கம் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை அவன் தன் ஊரான சின்னக்கொல்லைமேட்டை, ஆம்பூருக்கு எதிர்க்கரையில் பாலாற்றுக்கும் காட்டு மலைக்கும் நடுவே கிடக்கும் ஒரு சாதாரண ஊர் என்றே நினைத்து ஏமாந்திருந்தான்.

பாலாறு என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மணல் உண்டு, மணலை அள்ளிய பள்ளம் உண்டு, சீமைக் கருவேலம் வேண்டிய மட்டும் உண்டு. நடுவில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு ஒரு கறுப்பு ஓடையாக நுரைத்துக்கொண்டு போகும். அந்த ஓடையின் மேல் ஒரு பழைய தரைப்பாலம். ஊர் மொத்தமும் அந்தப் பாலத்தின் மேல் நடந்துதான் ஹைவேக்குப் போய் ஷூ ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கும். ஆட்டோ வரும், பால் வண்டி வரும், பிணம் போகும். பாலம் இருக்கிறது என்பதையே யாரும் கவனித்ததில்லை.

ஊரில் இல்லாதது செல்போன் சிக்னல். தண்ணீர் டேங்க் மேல் ஏறி, கையைத் தூக்கி, வேண்டிக்கொண்டால் ஒரு கோடு வரும். ஜெயசீலனின் மனைவி சௌமியா அப்போது முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நின்ற கரு. வலி எடுத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட யார் டேங்க் ஏறுவது என்ற கவலை அவனைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அகண்ட அலைவரிசை வாரியத்திலிருந்து பிரேம்நாத் என்ற இளம் இன்ஜினியர் பைக்கில் வந்தான். தரைப்பாலத்தின் மேல்தான் வந்தான், ஷூ நனையாமல். கையில் ஊரின் வரைபடம் இருந்தது.

"உங்க ஊர்ல எங்கெங்க சிக்னல் இல்லையோ, அந்த இடத்த மட்டும் மார்க் பண்ணிக் குடுங்க" என்றான்.

ஜெயசீலன் ஆம்பூர் ஃபேக்டரி ஒன்றில் கட்டிங் செக்ஷனில் இருப்பவன். அந்த வேலையில் தோலை மேசைமேல் விரித்ததும் முதலில் கத்தியை எடுக்க மாட்டார்கள். சில்வர் பேனாவை எடுப்பார்கள். முள் கீறிய இடம், உண்ணி கடித்த தழும்பு, ஓட்டை எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் இருப்பது டேமேஜ், கத்தி அந்தப் பக்கம் போகாது. பன்னிரண்டு வருஷமாக அதைச் செய்து செய்து, அவன் சட்டைப்பையில் சில்வர் பேனா இல்லாத நாளே கிடையாது. அதே பேனாவை எடுத்து, அதே பழக்கத்தில், மொத்த ஊரையும் சுற்றி ஒரே வட்டம் போட்டான்.

"இன்னாங்க, ஊரையே சுத்திட்டீங்க?"

"ஊரே டேமேஜ்தான் சார். ஒரு மூலைல கூட டவர் கிடைக்காது. என் சம்சாரம் மாசமா இருக்குது சார். வலி எடுத்தா ஒரு போன் பண்ணணும், அவ்ளோதான். வேற ஒண்ணும் கேக்கல."

பிரேம்நாத் வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனான். ஜெயசீலன் கேட்டது ஒரு போன் பண்ணும் வசதி. அதை வாரியம் மறுத்ததே இல்லை என்பதை இந்தக் கதை முடியும்வரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் வாரியத்துக்கு வேறொரு தலைவலி இருந்தது. எங்கோ ஒரு பெருங்கடலின் நடுவில் உள்ள சின்னத் தீவு நாடு ஒன்றுக்கு இணைய வசதியைக் கொண்டுபோய் வளர்ச்சியை உண்டாக்கித் தருவதாக வாரியம் ஒப்பந்தம் போட்டிருந்தது. உலக அமைப்புகள் நிதி தந்திருந்தன. ஒரே ஒரு நிபந்தனை: முதலில் உங்கள் நாட்டிலேயே ஒரு தீவில் செய்து காட்டுங்கள், பார்த்துவிட்டு மேலே பேசலாம். மார்ச் மாதத்துக்குள் காட்டாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும்.

நம் நாட்டில் தீவுகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எல்லாத் தீவுகளும் கடலில் இருந்தன. வாரியத் தலைவர் ராமமூர்த்திக்குக் கடல் ஆகாது. மெரினாவில் கால் நனைத்தாலே குமட்டும். அவர் போக முடியாத தீவில் திறப்பு விழா நடத்த முடியாது, திறப்பு விழா இல்லாமல் ஒரு திட்டம் இருக்க முடியாது. வாரியம் இப்படித் திகைத்து நின்றபோது ஜெயசீலனின் வரைபடம் கம்ப்யூட்டருக்குள் போனது. வெள்ளி நிறக் கோடு என்றால் நீரின் எல்லை என்று அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது தன் கடமையைச் செய்தது.

"சுத்திலும் தண்ணியா?" என்று ராமமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

பிரேம்நாத் வாயைத் திறந்தான். அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டு, "ஆமா சார்" என்றான்.

"ஆம்பூர்ல தீவு! காலைல கார்ல கெளம்பினா, தீவைத் திறந்து வெச்சிட்டு, பிரியாணி சாப்ட்டு, சாயந்தரம் வீட்டுக்கு வந்துடலாம். கடவுள் இருக்கார்யா!"

அடுத்த மாதமே வாரியம் சின்னக்கொல்லைமேட்டில் இறங்கியது. அதிகாரிகள் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மணலில் நடந்து வந்தார்கள். கடலடிக் கேபிள் திட்டத்துக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். லாரியில் ஒரு ஃபைபர் படகு வந்து இறங்கியது. தீவுத் திட்டத்துக்குப் படகு கட்டாயம். 'எச்சரிக்கை: அலை சீற்றம். குளிக்காதீர்' என்று ஒரு பலகையைக் கருவேலம் புதருக்குப் பக்கத்தில் நட்டார்கள். அந்தப் புதரில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

கடலடிக் கேபிள் போட மீனவர்களின் சம்மதம் வேண்டும். ஊர் முழுக்கத் தேடியும் மீனவர் கிடைக்கவில்லை. கடைசியில் கூடையில் கருவாடு வைத்து விற்கும் முனியம்மாவைப் பிடித்தார்கள்.

"நான் ஆம்பூர் மார்க்கெட்ல வாங்கியாந்து விக்கிறவ சார். எனக்கு வலை இன்னா, தூண்டி இன்னா, ஒண்ணும் தெரியாது" என்றாள் முனியம்மா.

"கருவாடுங்கிறது மீன்தானே அம்மா?"

"செத்த மீனு."

"உயிரோட இருக்கணும்னு விதியில இல்லை" என்று சொல்லி அவளைத் தீவு மீனவர் சங்கத் தலைவி ஆக்கினார்கள். சங்கத்தில் வேறு உறுப்பினர் இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஊரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. டீக்கடையில் ஒருவரையொருவர் 'தீவுக்காரரே' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்புறம் பொக்லைன் வந்தது.

அது நேராகத் தரைப்பாலத்துக்குப் போய், கையைத் தூக்கி, ஓங்கி ஒரு குத்து விட்டது. ஃபேக்டரி விட்டு வந்துகொண்டிருந்த ஜெயசீலன் ஓடிப்போய் முன்னால் நின்றான்.

"சார், இன்னா சார் பண்றீங்க? இது எங்க ரோடு சார்!"

பிரேம்நாத் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "தீவுன்னா தரைவழி இருக்கக் கூடாதுங்க. அதான் வரையறை. வெளிநாட்டுக்காரங்க சாட்டிலைட் படத்துல பார்ப்பாங்க. பாலம் இருந்தா திட்டம் ரத்தாயிடும்."

"இது தீவே இல்ல சார்! நான் பேனால சுத்தினேன். டேமேஜுக்குச் சுத்தினேன் சார். எங்க செக்ஷன்ல அப்டித்தான் சுத்துவோம்."

"தெரியும்." பிரேம்நாத்தின் குரல் இறங்கிவிட்டது. "நீங்க வரைஞ்ச அன்னிக்கே தெரியும். ஆனா வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியாச்சு. இனிமே அதை மாத்த முடியாது. ஊரைத்தான் மாத்தணும்."

"நாங்க வேலைக்கு எப்டி சார் போறது?"

"அகண்ட அலைவரிசை வந்துட்டா வீட்லேர்ந்தே வேலை பார்க்கலாம்."

"செருப்புக்கு வீட்லேர்ந்து தோல் வெட்ட முடியுமா சார்?"

பிரேம்நாத் பொக்லைன்காரனுக்குக் கையைக் காட்டினான். பொக்லைன் பாலத்தை உடைத்து முடித்து, போதாததற்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டுப் போனது. பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர் இடுப்பு மட்டத்துக்கு ஏறி நின்றது. அன்றிலிருந்து ஊர் ஜனம் மாற்றுத்துணியை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கி ஏறித்தான் வேலைக்குப் போனது. காலெல்லாம் புண். ஃபேக்டரி கேட்டில் நாற்றம் தாங்காமல் இவர்களைத் தனி வரிசையில் நிற்க வைத்தார்கள்.

அதிகாரிகளின் கார்கள் தாண்டுவதற்கு மட்டும் இரண்டு இரும்புப் பலகை இருந்தது. தூக்க எட்டு ஆள் வேண்டும். அந்த எட்டு பேரும் ஊர்க்காரர்கள்தான், ஜெயசீலனும் ஒருவன். கார் வரும்போது பலகையைப் போட வேண்டும். கார் போனதும் எடுத்து, அக்கரையில் நட்ட கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தீவு தீவாக இருக்காது. சாவி பிரேம்நாத்தோடு சென்னைக்குப் போய்விடும்.

திறப்பு விழாவும் வந்தது. கேபிள் நீருக்கு அடியில் கிடப்பதாக ஒரு புகைப்படம் வேண்டும் என்று நிபந்தனை. பாலாற்று மணலில் நீளமாக ஒரு குழி வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, டேங்கர் லாரி மேல் லாரியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊர்க் கிணறு எல்லாம் டேனரிக் கழிவில் கெட்டு வருஷக்கணக்காகிறது. குடிதண்ணீருக்கு வாரம் ஒரு லாரி வரும், சில வாரம் அதுவும் வராது. லாரிச் சத்தம் கேட்டதும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முனியம்மாதான் முதல் ஆள்.

போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். "குடத்தை எடும்மா. இது கடல்."

"குடிக்கிற தண்ணிய்யா அது!"

"கடல் தண்ணியைக் குடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? மீனவர் சங்கத் தலைவிதானே நீ?"

முனியம்மா வெறுங்குடத்தோடு நின்று, தண்ணீர் பிளாஸ்டிக்கின் கிழிசல் வழியாக மணலுக்குள் இறங்குவதைப் பார்த்தாள். புகைப்படம் எடுத்து முடிக்கும்போது கடல் கணுக்கால் அளவுக்கு வற்றியிருந்தது.

ராமமூர்த்தி படகில் ஏறி நின்று கையசைத்தார். படகு மணல்மேல் ஆடாமல் அசையாமல் இருந்தது. இருந்தும் அவருக்குக் குமட்டல் வந்து, கையைப் பிடித்து இறக்கினார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு மேடை ஏறிப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இதுவரை இந்தத் தீவு மக்கள் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தார்கள். யார் துண்டித்தார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போக விரும்பவில்லை. இன்று வாரியம் உங்களை இணைத்துவிட்டது. சிலர் எங்களிடம் ரோடு கேட்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள். அவையெல்லாம் பழைய காலத்துத் தேவைகள். ரோட்டில் மனிதன் மட்டும்தான் போக முடியும். எங்கள் கேபிளில் தகவல் போகும்! மனிதன் நகர வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சமுதாயம்தான் எங்கள் கனவு. நாங்கள் இணைப்பைத் தருகிறோம். இணைந்தவர்கள் கதி என்ன ஆகும் என்பது வேறு துறை."

கைதட்டினார்கள். ஊருக்குள் நட்ட கோபுரத்தில் விளக்கு எரிந்தது. கறுப்பு கிரானைட் கல்வெட்டில் ராமமூர்த்தியின் பெயர் மின்னியது. எல்லார் போனிலும் கோடுகள் முழுசாக நின்றன. நிறைமாதமாக இருந்த சௌமியா வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரோடு போனா போவட்டும் விடு. டவர் வந்துச்சில்ல" என்று புருஷனுக்குச் சமாதானம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவென்று தலை சீவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது. ஜெயசீலன் போன் செய்தான். மூன்றாவது நொடியில் இணைந்தது. டேங்க் ஏற வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் வாஹித் பாஷா ஆம்பூர்க்காரர், வழி தெரிந்தவர், பறந்து வந்தார். பள்ளத்தின் அக்கரையில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஜெயசீலனின் போன் அடித்தது.

"ஜெயசீலன் பாய், உங்கள நல்லாப் பார்க்க முடியுது. ரோடு எங்க?"

"ரோடு இல்ல பாய். உடைச்சிட்டாங்க. அங்க கம்பத்துல பலகை இருக்கு பாருங்க, பூட்டியிருக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வாஹித் பாஷா ஜாக்கி ராடால் பூட்டை அடித்தார். அடித்து அடித்து உள்ளங்கை கிழிந்தது. வாரியம் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அந்தப் பூட்டு ஒன்றுதான். ஜெயசீலன் பிரேம்நாத்துக்கு போன் செய்தான். அதுவும் உடனே இணைந்தது. "ஐயோ, சாவி எங்கிட்ட சென்னைல இருக்கு" என்றான் பிரேம்நாத். அவன் குரல் நடுங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

சௌமியாவைக் கட்டிலோடு தூக்கினார்கள். பள்ளத்தின் சரிவில் மண் சரிந்தது, ஒருவன் விழுந்தான், கட்டில் சாய்ந்தது. மேலே ஏற்றி மறுபடி இறக்கினார்கள். கறுப்புத் தண்ணீரில் இடுப்பளவு நின்று, கட்டிலைத் தலைக்குமேல் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். சௌமியா முதலில் கத்தினாள், அப்புறம் முனகினாள், அப்புறம் சத்தமே வரவில்லை. அக்கரையில் ஏற்றும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பெண் குழந்தை. அழவில்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அவர் கேட்டதில் தப்பில்லை. ஜெயசீலன் வராந்தாவில் வந்து நின்றான். உடம்பெல்லாம் டேனரித் தண்ணீர் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. போனில் மணி அடித்தது. வாரியத்திலிருந்து செய்தி: 'இன்றைய உங்கள் அழைப்பின் தரம் எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை ஸ்டார்?'

அவன் பதில் போடவில்லை. மறுநாள் மறுபடி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. 'நீங்கள் இன்னும் மதிப்பிடவில்லை. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.' சௌமியா வீட்டுக்கு வந்து, பால் கட்டிய மார்பில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோதும் வந்தது. போனை வாங்கிப் படித்துவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பத்திரிகைக்காரர்கள் ராமமூர்த்தியிடம் கேட்டார்கள். அவர் மனமுருகிப் பேசினார். "மிகவும் வருந்தத்தக்கது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீவின் முதல் அவசர அழைப்பு மூன்று நொடியில் இணைந்தது. இடையில் ஒரு முறைகூடத் துண்டிக்கப்படவில்லை. எங்கள் வேலை எங்கே முடிகிறதோ, அதுவரை எல்லாம் சரியாக நடந்திருக்கிறது." 'முதல் அழைப்பு: வெற்றி' என்று வாரியத்தின் அறிக்கை போனது. தீவு நாட்டிலிருந்து ஒரு குழு இந்த வெற்றியை நேரில் பார்க்கக் கிளம்பியது.

குழு வந்த அன்று ஜெயசீலனும் மற்ற ஏழு பேரும் வழக்கம்போலப் பலகையைப் போட்டார்கள். கார்கள் தாண்டின. குழுவின் தலைவி ஒரு நடுவயதுப் பெண், தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னல் போட்டிருந்தாள். இறங்கியதும் மணலைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், அலை சீற்றப் பலகையைப் பார்த்தாள். தன் மொழி கலந்த ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் ராமமூர்த்தி.

"கடல் எங்கேன்னு கேக்கறாங்க சார்" என்றான் பிரேம்நாத்.

"வத்தியிருக்குன்னு சொல்லு."

எல்லோரும் மேடைப் பக்கம் நகர்ந்தார்கள். முதல் பயனாளி என்று ஜெயசீலனுக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டு, சால்வை வாங்கி வைத்திருந்தார்கள். அவன் மேடைக்குப் போகவில்லை. கல்வெட்டுக்கு முன்னால் போய் நின்றான். சட்டைப்பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து, ராமமூர்த்தியின் பெயரைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டான். கறுப்புக் கல்லில் அது பளிச்சென்று தெரிந்தது. பிரேம்நாத் பார்த்தான். அந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கல்வெட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். ஜெயசீலன் சாவியை எடுத்துக்கொண்டான்.

பேச்சுகள் முடிந்து, சால்வை ஆளில்லாத நாற்காலிக்குப் போர்த்தப்பட்டு, பிரியாணி நேரம் வந்தது. கார்கள் பள்ளத்தருகே வந்து நின்றன. பலகை இல்லை. அக்கரைக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. எட்டு பேரும் இடுப்புவரை கறுப்பாக நனைந்து ஊர்ப்பக்கம் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஊர் ஜனம் மொத்தமும் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. சௌமியாவும் முனியம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ராமமூர்த்தி காரிலிருந்து இறங்கினார். "யோவ், பலகை எங்கய்யா?"

"தீவுல ரோடு இருக்கக் கூடாது சார்" என்றான் ஜெயசீலன். "நீங்கதான் சொன்னீங்க."

"விளையாடறியா? எனக்குச் சுகர் இருக்குய்யா! நேரத்துக்குச் சாப்பிடலன்னா மயக்கம் வந்துடும்!"

"போன் பண்ணுங்க சார். ஃபுல் டவர் இருக்கு."

ராமமூர்த்தி கத்தினார், மிரட்டினார், கலெக்டர் பெயரைச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் அவரைத் தொடவும் இல்லை. வியர்த்துக் கொட்ட ஆரம்பித்ததும் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மூன்று நொடியில் இணைந்தது. வண்டி பறந்து வந்தது. உள்ளங்கையில் கட்டோடு வாஹித் பாஷா இறங்கி அக்கரையில் நின்று போனைக் காதில் வைத்தார்.

"சார், உங்கள நல்லாப் பார்க்க முடியுது. ரோடு எங்க சார்?"

இதற்குள் தீவு நாட்டுத் தலைவி முனியம்மாவிடம் சைகையில் ஏதோ விசாரித்து, முனியம்மாவும் சைகையிலேயே வயிற்றையும் பள்ளத்தையும் சௌமியாவையும் காட்டிச் சொல்லி முடித்திருந்தாள். தீவு நாட்டுப் பெண் எழுந்து, சௌமியாவின் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் கறுப்புத் தண்ணீரில் இறங்கி நடந்தாள். அவளுடைய ஆட்களும் வாரியத்து ஆட்களும் பின்னால் இறங்கினார்கள்.

ராமமூர்த்தி மட்டும் பாக்கி. ஒரு காலைச் சரிவில் வைத்தார், நாற்றம் முகத்தில் அடித்தது, காலை எடுத்தார். கையில் இருந்த போனில் மணி அடித்தது. ஏதாவது உதவியாக இருக்கும் என்று ஆவலாகப் பார்த்தார். வாரியத்திலிருந்து வந்த செய்தி. அந்த மணிச் சத்தம் ஊருக்கே தெரிந்த சத்தம்.

சௌமியா தலையைத் தூக்கினாள். வாரக்கணக்காகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"அஞ்சு ஸ்டார் போடுங்க சார்" என்றாள். "குரல் நல்லாக் கேட்டுச்சில்ல."